நிறம் போன தண்ணீர்

கருகிய நாற்றை ஒரு கைப்பிடி பிடுங்கிவந்து லட்சுமணன் அடுப்படி வாசலில் போட்டபோது, வடிவு டிபன் பாக்ஸில் சோற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். மணி ஏழேகால். எட்டுக்கு அவள் சாயப்பட்டறையில் இருக்க வேண்டும். கத்தரிக்காய்க் காரக்குழம்பு இன்னும் கொதி அடங்கவில்லை.

"இன்னாங்க இது?"

"உங்க பட்டறை அனுப்பன சீர்வரிசை. எடுத்து உள்ள வை."

அவள் குனிந்து எடுத்தாள். பதினெட்டு நாள் நாற்று. இன்னும் ஒரு வாரத்தில் பறித்து நட வேண்டியது. நுனியிலிருந்து பாதி வரை செங்கல் நிறத்தில் தீய்ந்திருந்தது. வேரைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேரில் துரு உறைபோட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் கையோடு வந்தது. அந்தத் துருவை அவளுக்கு நன்றாகத் தெரியும். பட்டறைத் தொட்டியின் அடியிலிருந்து நாள் தவறாமல் அவள் வாரிக் கொட்டுகிற சேற்றின் நிறம் அது.

"மொத்தமுமா?"

"வாய்க்கா ஓரம் நாலு பாத்தி சுத்தமா போச்சு. நடுவுல இருக்கறது இன்னிக்கோ நாளைக்கோ. எங்க அக்கா நாத்தும் அதே கதிதான். சடையன் வெதைச்சதுல ஒண்ணுகூட தேறாது. ஊரே வரப்புல நின்னுகினு எம்மூஞ்சியப் பாக்குது. நான் யார் மூஞ்சியப் பாக்கறது?"

"தண்ணி எப்ப உட்டீங்க?"

"முந்தாநாளு. கண்ணாடி மாதிரி வந்துச்சு. காத்தால போய்ப் பாத்தா, பாத்தி மேல எண்ணெ ஊத்தனாப்புல ஏடு கட்டிக்கினு, கீழ செக்கச்செவேல்னு கெடக்குது. உங்கிட்ட எத்தினி வாட்டி கேட்டேன், அந்தத் தண்ணிய உடலாமான்னு. நீதான சொன்ன?"

அவள்தான் சொன்னாள். லட்சுமணன் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, சோறு வேண்டாம் என்று கையைக் காட்டி வெளியே போனான். குழம்பு அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் அவள் அடுப்பை அணைத்தாள்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஓடை பாறைமேட்டை உரசிக்கொண்டு கண்ணமங்கலம் பக்கம் போகிறது. ஊருக்கு மேற்கே, ஓடை திரும்புகிற இடத்தில் நூல் சாயப்பட்டறை வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் பட்டறைத் தண்ணீர் அப்படியே ஓடையில்தான் விழுந்தது. அந்த நாளில் ஊருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் முதலில் கழனிக்குப் போகிறவர் ஓடையை எட்டிப் பார்த்து நிறத்தைக் கூவிச் சொல்ல வேண்டும். ரோஸ் என்றால் ரோஸ், மயில்கழுத்து என்றால் மயில்கழுத்து. உடனே வாய்க்கால் வாயை மண்ணும் வேலமுள்ளும் போட்டு அடைத்துவிடுவார்கள். பட்டறைக்கு விடுமுறையான நாளில் வெறும் மலைத்தண்ணீர் வரும்; அன்றைக்குத்தான் திறப்பார்கள். "ஆரணியில இந்த மாசம் இன்னா சேலை ஓடுதுன்னு என் ஆட்டுக்குத் தெரியும்டா" என்று சடையன் சொல்லுவார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், நாக்கு வெந்து செத்த ஆடுகள் அவருக்கு ஏழு.

ஊர் மறியல் செய்து, அதிகாரிகள் வந்து, பட்டறையைப் பத்து நாள் பூட்டிய பிறகுதான் அந்த மருந்துத் தொட்டிகள் வந்தன. ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டிகள் இரண்டு. வடிவு கண்ணமங்கலத்துப் பள்ளியில் பன்னிரண்டாவது அறிவியல் எடுத்துப் படித்தவள் என்பதால் அவளைக் கூப்பிட்டு அந்த வேலையில் போட்டார்கள். எந்திரம் மாட்டவந்த வேலூர்க்காரர் இரண்டு நாள் கூடவே நின்று கற்றுக்கொடுத்தார்.

முதலில் சாயத்தண்ணீரில் அமிலம் விட்டு, சோதனைக் காகிதம் சிவக்கும்வரை புளிப்பேற்ற வேண்டும். பிறகு அன்னபேதி. பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்கும் அந்த இரும்பு உப்பைத் தனி டிரம்மில் கரைத்து ஊற்ற வேண்டும். அதன்மேல் பெராக்சைடு, ஒரேயடியாகக் கவிழ்க்காமல், கேன் கேனாக, மெதுவாக. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் தொட்டி சூடாகும், நுரைக்கும், சாயத்தைத் துண்டு துண்டாக உடைக்கும். மூன்று மணி நேரம் கலக்கிய பிறகு, காகிதம் பச்சையாகும்வரை சுண்ணாம்புக் கரைசல் விட வேண்டும். அப்போது இரும்பெல்லாம் துருச்சேறாகக் கீழே இறங்கிவிடும்.

"ஒரு விஷயம் மறக்காதீங்கம்மா" என்றார் வேலூர்க்காரர். "நிறம் கால் மணி நேரத்துல ஓடிடும். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சிராதீங்க. உடைஞ்ச சாயம் நிறமில்லாம உள்ளதான் இருக்கும். அது சாயத்தவிட மோசம். அப்புறம், உப்பு இதுல போகாது. அதுக்கு வேற மிஷின் போடணும், உங்க முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன்."

முதலாளி அந்த வேறு மிஷினைப் போடவே இல்லை. ஆனாலும் முதல் வருடம் மருந்தில் குறை வைக்கவில்லை. ஊர்ஜனத்தை வரவழைத்து, குழாயிலிருந்து தெளிந்து கொட்டும் தண்ணீரைக் காட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. சடையன் கூட்டத்திலிருந்து, "அவன் சொல்றது இருக்கட்டும். வடிவு, நம்ம ஊட்டுப் பொண்ணு நீ சொல்லு. வாய்க்காலத் தொறக்கலாமா?" என்று கேட்டார். அவள், "தொறங்க மாமா" என்றாள். அன்று மாலையே முள்ளை எடுத்தார்கள். அந்த வருடம் நாற்றும் பழுதில்லை, நெல்லும் பழுதில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் மேனேஜர் கோபால்சாமி தொட்டிப் பக்கம் வந்து நின்றார்.

"கலர் போச்சா இல்லியா?"

"போச்சு சார்."

"அப்புறம் யாருக்காக இன்னும் ஊத்திக்கினு இருக்க?"

"சார், கலர் மொதல்ல போயிடும். மீதி உள்ள..."

"நீ சயின்டிஸ்டா? பாக்கறவன் கண்ணுக்கு இன்னா தெரியுதோ அதான் தண்ணி. நாளையிலருந்து ரெண்டு கேன் போதும். நாப்பது நிமிஷத்துல மோட்டார ஆஃப் பண்ணு. சுண்ணாம்பு அரை மூட்டை."

ஐந்து கேன் இரண்டானது. மூன்று மணி நேரம் நாற்பது நிமிடமானது. இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு அரை மூட்டையானது. குழாயில் கொட்டுகிற தண்ணீர் மட்டும் மாறவில்லை, அதே தெளிவு. சுண்ணாம்பு குறைந்தால் கரைந்த இரும்பு அடியில் இறங்காமல் தண்ணீரோடு போகும், அது கண்ணுக்குத் தெரியாது, வயலில் காற்றுப் பட்டு நின்றால்தான் துருவாக வெளிவரும் என்பது வடிவுக்குத் தெரியாததல்ல. முதல் வாரம் தூக்கம் வரவில்லை. பிறகு அந்தத் தெளிவைப் பார்த்துப் பார்த்து அவளும் அதையே நம்பத் தொடங்கினாள். ஊரை ஏமாற்றிய தண்ணீர், அதை ஏமாற்றுத் தண்ணீர் என்று அறிந்தவளையும் ஏமாற்றியது. முன்பு சிவப்பாக ஓடியபோது ஓடை உண்மையைச் சொல்லிக்கொண்டு ஓடியது. இவர்கள் அதன் வாயை அடைத்துவிட்டு, சுத்தம் செய்தோம் என்று பலகை எழுதி மாட்டிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மனு நாளில் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வந்தார்கள். மாலையில் வடிவு வேலைவிட்டு வரும்போது, லட்சுமணனின் அக்கா ராஜேஸ்வரி வழியில் மடக்கினாள். காய்ந்த மிளகாயை முறத்தில் அள்ளியபடியே பேசினாள்.

"உங்கிட்ட சொல்லாம இருந்தா என் நெஞ்சு ஆறாது. மனுல உம்பேரு இருக்குது."

"எம்பேரா? எதுக்கு அண்ணி?"

"எழுதறவன் கேட்டான், மருந்து கலக்கறது யாருன்னு. ஆளு பேரு இருந்தாதான் மனு நிக்கும்னான். சடையன் சொல்லிட்டாரு. 'மேற்படி பட்டறையில் மருந்து கலக்கும் ல. வடிவு என்பவர் அஜாக்கிரதையாக அளவை மாற்றிக் கலப்பதால்'னு எழுதினான். படிச்சுக் காட்டனான்."

"முதலாளி பேரு?"

"முதலாளி பேரு யாருக்கு ஒயுங்கா தெரியும்? பட்டறைன்னு போட்டிருக்குது."

"நீங்க கையெழுத்து போட்டீங்களா?"

ராஜேஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள். "போட்டேன். எந்நாத்தும்தான போச்சு. ஆனா எனக்கு முன்னாடியே எந்தம்பி போட்டுட்டான்."

பொழுது சாய்ந்து, மலைமேல் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. லட்சுமணன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். அவள் களி உருண்டையை வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"மனுல எம்பேரு இருக்குதாமே."

"இருக்குது."

"படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்து போட்டியா?"

பதினாறு வருடத்தில் அவள் அவனிடம் 'ங்க' இல்லாமல் பேசியதில்லை. அவன் பிட்ட களியைத் தட்டிலேயே வைத்தான்.

"இருவத்தெட்டு பேரு போட்டாங்க. நான் மட்டும் போடலன்னா இன்னா சொல்லுவாங்க? பொண்டாட்டியக் காப்பாத்தறான்னு சொல்லமாட்டாங்க?"

"பொண்டாட்டியக் காப்பாத்தனா அசிங்கமா?"

"நீ அளவ மாத்தனியா இல்லியா? மொதல்ல அத்தச் சொல்லு."

"மாத்தனேன். அஞ்சு கேன் ஊத்தற எடத்துல ரெண்டு ஊத்தனேன். பொங்கல் கழிச்சு தினமும். ஊத்துன்னாங்க, ஊத்தனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய உட்டுட்டு வூட்ல இருன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

மழைத்தூறல் தகரத்தில் விழுந்தது. அவன் சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. "அப்ப எழுதனதுல இன்னா தப்பு?" என்றான் மெல்ல.

"நான் செஞ்சது தப்புதான். அத்த நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா நான் ஒருத்தியே செஞ்சேன்னு எழுதியிருக்குது பாரு, அதுல உங்கையெழுத்து இருக்குது." அவள் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். அதன்பின் மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. சோறு வைப்பாள், எடுப்பாள். அவன் காய்ந்த நாற்றங்காலை ஏர் விட்டு மடக்கி உழுதான்.

வியாழக்கிழமை மதியம் கோபால்சாமி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு டைப் அடித்த தாள் இருந்தது.

"மனு மேல விசாரிக்க நாளைக்கு அதிகாரிங்க சோதனைக்கு வர்றாங்க. ரெண்டு தொட்டிக்குமா பத்து கேன் எறக்கியிருக்கேன். தொட்டிக்கு அஞ்சு. மூணு மணி நேரம் ஓடணும். சுண்ணாம்பு ரெண்டு மூட்டை. கொறையக்கூடாது."

"தினமுமா சார்?"

"நாளைக்குன்னு சொன்னேன்." அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து போடு. சில நாள் நான் தவறுதலா அளவக் கொறச்சுக் கலந்துட்டேன், நிர்வாகத்துக்குத் தெரியாதுன்னு இருக்குது. ஒண்ணும் பயப்படாத. ஒரு மாசம் வூட்ல இரு, ஊரு அடங்கனதும் உள்ள வந்துடு."

"நான் தவறுதலா கலக்கலயே சார்."

"உங்க ஊர்க்காரனுங்களே உம்பேரத்தாம்மா எழுதியிருக்கானுங்க. உன் வூட்டுக்காரன் கையெழுத்தும் இருக்குது. நானா எழுதச் சொன்னேன்? அவனுங்க வேல மெனக்கெட்டு என் வேலைய சுலபமாக்கிட்டானுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன் சிரிப்பு மாதிரியே இருந்தது.

அந்தத் தாளைப் பிடித்து அவர் முகத்தில் விசிறியடிக்க வேண்டும் என்று அவள் கை பரபரத்தது. "நாளைக்கு அவங்க வந்து போவட்டும் சார், அப்புறம் போடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டாள். முதல் தொட்டியில் அரக்குச் சிவப்பு நிரம்பி நின்றது. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, அமிலத்தை விட்டாள். காகிதம் சிவந்தது. அன்னபேதியைக் கரைத்து ஊற்றினாள். மோட்டாரைப் போட்டாள். முதல் கேனைச் சாய்த்தாள். தொட்டி சீறி நுரைத்தது. இரண்டாவது கேன். சிவப்பு கலங்கி, பழுப்பாகி, வெளிறியது.

மூன்றாவது கேனின் மூடியில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

நாற்பது நிமிடத்தில் மோட்டாரை நிறுத்தினாள். அரை மூட்டைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாள். தெளியவிட்டு, குழாயைத் திறந்தாள். ஒரு நாளும் விடாமல் அவர்கள் செய்யச் சொன்னது எதுவோ, அதைத் துளி கூட்டாமல் குறைக்காமல் செய்திருந்தாள்.

பத்து மணிக்குக் கோபால்சாமி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து குழாயைக் குனிந்து பார்த்தார். பளிங்கு மாதிரி கொட்டியது. அவர் கேன்களை எண்ணவில்லை. ஊரின் கண்ணுக்கென்று வைத்த தெளிவு அவர் கண்ணுக்கும் போதுமானதாக இருந்தது. "சபாஷ்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

சோதனைக்கு வந்த அம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தோளில் பையோடு இருந்தார். அவருக்குப் பின்னால் ஊர் வந்தது. லட்சுமணன், ராஜேஸ்வரி, சடையன், இன்னும் இருபது பேர். மேனேஜர் தடுத்தார், அந்த அம்மா, "மனு கொடுத்தவங்க பாக்கட்டும்" என்றார். குழாய் நீரை ஒரு குடுவையில் பிடித்து, கருவியை அதில் விட்டார்.

"நாலரை காட்டுது. இவ்வளவு புளிப்பா? இது ஆறுக்குக் கீழ வெளிய போகவே கூடாதே."

கோபால்சாமி எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. பிறகுதான் சுவரோரம் திறக்காமல் நிற்கும் கேன்கள் அவர் கண்ணில் பட்டன.

"மேடம், இந்தப் பொம்பள பண்ற வேலை. மனுலயே இருக்குது பாருங்க, இவ பேரு. இன்னிக்கு அஞ்சு கேன் ஊத்துன்னு நானே சொன்னேன். இன்னிக்கு மூணு மணி நேரம் ஓட்டுன்னு சொன்னேன்."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். "இன்னிக்குன்னா? மத்த நாளைக்கு எவ்வளவு சொல்லியிருந்தீங்க?"

வடிவு முகத்துணியை அவிழ்த்தாள்.

"ரெண்டு கேன் மேடம். நாப்பது நிமிஷம். அரை மூட்டை சுண்ணாம்பு. பொங்கல் கழிச்சு ஒரு நாள் தப்பாம இதான். இன்னிக்கு மட்டும் மாத்திக் கலக்கச் சொன்னாங்க, நான் மாத்தல. எங்க நாத்து எந்தத் தண்ணியில செத்துதோ அந்தத் தண்ணியத்தான் நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்க."

"எழுதிக் கொடுப்பீங்களாம்மா?"

"தாளு குடுங்க மேடம். நான் கலந்தேன்னும் எழுதறேன், யாரு கலக்கச் சொன்னாங்கன்னும் எழுதறேன். நேத்து ஒரு தாளு டைப் அடிச்சு எங்கிட்ட நீட்டனாங்க. அதயும் கேட்டு வாங்கிக்குங்க."

தொட்டிச் சுவரில் தாளை வைத்து எழுதினாள். தேதி, நேரம், அளவு, சொன்னவர் பெயர், செய்தவள் பெயர். எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை. அந்த அம்மா இரண்டு புட்டிகளில் தண்ணீரைப் பிடித்து, அரக்கு வைத்துக் கட்டி, அறிக்கை வரும்வரை ஓடையில் ஒரு சொட்டு விடக்கூடாது என்று கோபால்சாமியிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திரும்பியதும் ஊருக்கு உயிர் வந்தது. "எங்க வடிவுன்னா சும்மாவா" என்று சடையன் துண்டை உதறினார்.

"மாமா, நிறுத்துங்க." அவள் குரலில் அவர் கை அப்படியே நின்றது. "தொறக்கலாமான்னு கேட்டப்ப நம்ம ஊட்டுப் பொண்ணு. மனு எழுதறப்ப வடிவு என்பவர். யாராவது ஒருத்தர் எங்கிட்ட வந்து, இன்னா நடந்துச்சும்மான்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ராஜேஸ்வரி மண்ணைப் பார்த்தாள்.

அதற்குள் கோபால்சாமிக்குக் குரல் திரும்பிவிட்டது. "உன் வேல போச்சு. கையுறையக் கழட்டி வச்சிட்டு வெளிய போ."

"ரெண்டாவது தொட்டி நெறஞ்சு நிக்குது சார். அந்தம்மா தடுத்தது எத்தினி நாளைக்குத் தாங்கும்? இத்த இப்படியே உட்டுட்டுப் போனா, நீங்க பொழுதெறங்கனதும் தொறந்து உட்டுடுவீங்க."

"ரெண்டு கேன் மேல கை வச்ச..."

"வேல போச்சுன்னு சொல்லிட்டீங்க. இனிமே எனக்கு அளவு சொல்ல நீங்க யாரு?"

அவர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மோட்டார் ஓய்ந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அமிலம் விட்டு, அன்னபேதியைக் கரைத்து, கேனை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாய்த்தாள். ஐந்து கேன். பிறகு சுவரில் சாத்தியிருந்த நீள மூங்கிலை எடுத்துத் தொட்டிக்குள் இறக்கி, கையாலேயே கலக்க ஆரம்பித்தாள். ஐயாயிரம் லிட்டரை ஒரு ஆள் கலக்குவது சுலபமில்லை. கோபால்சாமி கதவருகே வந்தார். வாசலை அடைத்து நின்ற ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

லட்சுமணன் மட்டும் உள்ளே வந்தான்.

"குடு, நான் கலக்கறேன்."

"தொடாத."

அவன் கையை இழுத்துக்கொண்டான். "திங்கக்கிழமை போய் எங்கையெழுத்த வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கு. வாங்கிட்டு வந்து அப்புறம் மூங்கிலத் தொடு. மணி இன்னா?"

செல்போனை எடுத்துப் பார்த்தான். "பதினொண்ணே முக்கா."

"ரெண்டே முக்கா ஆவுற வரைக்கும் இங்கியே நில்லு. ஆனதும் சொல்லு. அதுக்கு முன்னாடி வாயத் தொறக்காத."

அவன் செல்போனைக் கையில் பிடித்தபடி தொட்டியோரம் நின்றான். அரக்குச் சிவப்பு நுரைத்துப் புரண்டது. ஆவி முகத்தில் அடித்தது. அவளுக்கு வியர்வை முழங்கை வழியாக ஒழுகியது. சிவப்பு பழுப்பாகி, பழுப்பு வெளிறிய மஞ்சளாகி, கால் மணி நேரத்தில் சாயம் இருந்த இடம் தெரியவில்லை.

"கலரு போயிடுச்சே" என்றான் லட்சுமணன், தன்னை மறந்து.

வடிவு கலக்குவதை நிறுத்தாமல் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு மணியைப் பார்த்தான். அவள் மூங்கிலை இன்னும் ஆழமாக இறக்கினாள்.